வேறுபட்ட தரவுத்தளங்களிடையே பாதுகாப்புச் சேவையகங்களின் பிரதியாக்கம்

பல ஊர்களில் கிளைகளைக் கொண்ட ஒரு பெரிய இலாகாவில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இயங்குதல் இயல்பு. அவற்றை வைரஸ் முதலிய தீங்குகளினின்றும் காக்கும் பொறுப்பை அந்தந்தக் கணிப்பொறியை ஆளும் ஊழியரிடமே விட்டுவிட்டால், காவல் ஒரே சீராக அமையாது. ஆதலின், காவற்பணி ஓரிடத்திலிருந்து நடத்தப்படுகிறது. எந்தக் கணிப்பொறியில் யு.எஸ்.பி. நினைவுக்கோலைச் செருகலாம், எந்தச் செயலியை ஓடவிடலாகாது, எத்தனை மணிக்கொரு முறை கோப்புகளைச் சோதிக்க வேண்டும் என்பன போன்ற உத்தரவுகளை மேலாண்மைச் சேவையகம் ஒன்று பிறப்பிக்கும். மற்றக் கணிப்பொறிகள் அவ்வுத்தரவுகளைப் பெற்று நடக்கும். தாம் கண்ட தீங்குகளை அவை திரும்ப அறிவிக்கவும் செய்யும்.

இவ்வுத்தரவுகள், அவற்றைப் பிறப்பிக்கும் அதிகாரம் பெற்ற நிர்வாகிகளின் பெயர்கள், கணிப்பொறிகள் எந்தெந்தக் குழுவைச் சேர்ந்தவை என்னும் விவரம், நிகழ்ச்சிப் பதிவுகள் ஆகிய யாவும் சேவையகத்தில் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படினும், உண்மையில் அவை இருப்பது அதனோடு இணைந்த தரவுத்தளத்திலேயே ஆகும். தரவுத்தளம் பழுதுற்றால் சேவையகம் நினைவிழந்த அதிகாரியை ஒக்கும். அங்ஙனம் நேராதிருக்கும் பொருட்டு, வேறோர் ஊரில் இரண்டாவது நிலையம் ஒன்றை அமைத்து, இரு நிலையங்களும் ஒரே விவரத்தைத் தாங்கி நிற்குமாறு அவ்வப்போது மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளச் செய்வர். இதுவே பிரதியாக்கம் எனப்படுவது.

இரு நிலையங்களிலும் ஒரே வகைத் தரவுத்தளம் இருப்பின் இம்முறை எளிதாகத் தோன்றும். நடைமுறையில் அவ்வாறு அமைவது அரிது. தலைமையகத்தில் பெரிய தரவுத்தளமும் அதைப் பேணத் தனி வல்லுநரும் இருப்பர். கிளையிலோ அத்தகைய வல்லுநர் இல்லை. பெரிய தரவுத்தளத்திற்கு உரிமக் கட்டணம் செலுத்தவும் பணம் ஒதுக்கப்பட்டிராது. ஆகவே, சேவையக மென்பொருளோடு இலவசமாக வரும் சிறிய தரவுத்தளத்தைக் கொண்டே கிளை தன் பணியை நடத்தும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பேச இயலுமா என்பதே கேள்வி. இயலும். எங்ஙனம் இயலும் என்பதும், எங்கே தவறக்கூடும் என்பதும் ஆராயத்தக்கன.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு சிமாண்டெக் எண்ட்பாயிண்ட் புரொடெக்ஷன் மானேஜர் என்னும் மேலாண்மைச் சேவையகமாகும். சிமாண்டெக் நிறுவனத்தின் இத்துறை 2019-இல் பிராட்காம் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இச்சேவையகம் நெடுங்காலமாக இருவகைத் தரவுத்தளங்களோடு இயங்கி வந்தது. ஒன்று, மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர். மற்றொன்று, மென்பொருளோடு உடன்வரும் சைபேஸ் எஸ்.க்யூ.எல். எனிவேர். 2020-இல் வெளிவந்த 14.3 ஆர்.யு.1 என்னும் பதிப்பு முதற்கொண்டு, உடன்வரும் தரவுத்தளமாக மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் அமைந்தது. ஒரு நிலையம் ஒருவகையையும் மற்றது வேறுவகையையும் கொண்டிருப்பினும் அவற்றிடையே பிரதியாக்கம் நடைபெறும்.

பெயரைக் கண்டு இவை நெருங்கிய உறவினர் என்று கருதிவிடலாகாது. மைக்ரோசாஃப்டின் தரவுத்தளம் சைபேஸ் நிறுவனத்தோடு கூட்டாக வளர்க்கப்பட்டு 1989-இல் வெளிவந்தது. பின்னர் இரு நிறுவனங்களும் தத்தம் வழியே பிரிந்தன. எஸ்.க்யூ.எல். எனிவேரோ கனடா நாட்டு வாட்காம் நிறுவனத்தில் பிறந்து, 1995-இல்தான் சைபேஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே சைபேஸ் என்னும் பெயர் இரண்டின் வரலாற்றிலும் காணப்படினும், வட்டில் விவரங்களை எழுதிவைக்கும் முறையில் ஒன்றற்கொன்று தொடர்பில்லை.

இது காரணமாகவே ஒரு நிலையத்தின் தரவுத்தளக் கோப்பை அப்படியே எடுத்துச் சென்று மற்ற நிலையத்தில் வைத்தல் பயன்படாது. ஒரு வணிகரின் பேரேடு கணக்குவாரியாக எழுதப்பட்டது. அவருடைய பங்காளியின் ஏடு நாள்வாரியாக எழுதப்பட்டது எனக் கொள்க. முன்னதன் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்னதில் தைத்துவிட்டால் கணக்குக் குழம்புமேயன்றி ஒத்துப்போகாது. ஒருவர் தம் ஏட்டைப் படித்துச் சொல்ல, மற்றவர் அதைத் தம் முறைப்படி எழுதிக்கொள்ளுதலே வழி. சேவையகங்களும் இதையே செய்கின்றன. தரவுத்தளங்கள் தமக்குள் நேரே பேசுவதில்லை. ஒவ்வொரு சேவையகமும் தன் தரவுத்தளத்தினின்று மாற்றங்களைப் படித்து, இரு தரப்புக்கும் பொதுவான வடிவில் அமைத்து, வலையமைப்பின் வழியே அனுப்பும். மறுதரப்புச் சேவையகம் அதனைத் தன் தரவுத்தளத்தின் முறைப்படி எழுதிக்கொள்ளும். எனவே, நிலையங்களுக்கிடையே திறந்திருக்க வேண்டிய வாயில், சேவையகங்கள் பேசிக்கொள்ளும் 8443 என்னும் எண்ணுடைய வாயிலேயாம். எஸ்.க்யூ.எல். சர்வருக்கு வழக்கமாக உரிய 1433-ஐயோ, எஸ்.க்யூ.எல். எனிவேருக்கு உரிய 2638-ஐயோ இதன் பொருட்டு வெளியுலகிற்குத் திறந்துவிடுதல் தேவையற்றது. திறந்துவிட்டால் காவலனே கதவைத் திறந்துவைத்தது போலாகும்.

வரியும் அதன் அடையாளங்களும்

அனுப்பப்படுவது தரவுத்தளம் அன்று, மாற்றம் என்பது தெளிவாயிற்று. மாற்றம் எது என்று சேவையகம் அறிவது எவ்வாறு? அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரியோடும் சில அடையாளங்கள் உடன் எழுதப்படுகின்றன. முதலாவது, 32 இலக்கங்கள் கொண்ட பதினாறடிமான எண். வரியின் நிலையான பெயர் இதுவே. குழுவின் பெயரையோ நிர்வாகியின் பெயரையோ பிற்பாடு மாற்றினாலும் இவ்வெண் மாறாது. இரண்டாவது, மாற்றம் நிகழுந்தோறும் ஏறிச்செல்லும் வரிசை எண். மூன்றாவது, கடைசியாக மாற்றப்பட்ட நேரம். நான்காவது, வரி நீக்கப்பட்டதா இல்லையா என்பதைக் காட்டும் குறி. நீக்கப்படாததற்கு 0, நீக்கப்பட்டதற்கு 1.

வரிசை எண்ணின் பயன் எளிதில் விளங்கும். சென்ற முறை 4,180 வரை பெற்றுக்கொண்ட நிலையம், இம்முறை 4,181 முதலாக உள்ளவற்றை மட்டும் பெற்றால் போதும். நூறாயிரம் வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இதனால் மிச்சமாகிறது. நேரமும் நீக்கக் குறியும் இவ்வளவு எளியன அல்ல. பிரதியாக்கத்தில் தோன்றும் பெரும்பாலான சங்கடங்கள் இவ்விரண்டின்பாற்பட்டனவே.

முதற்கண் நேரத்தை நோக்குவோமாக. இரு நிலையங்களிலும் நிர்வாகிகள் உளர். இருவரும் ஒரே கொள்கையைத் திருத்தும் உரிமை பெற்றவர்கள். ஒரே நாளில் இருவரும் அதைத் திருத்தினால் எது நிலைக்கும்? பிந்திய திருத்தமே நிலைக்கும் என்பது விதி. நியாயமான விதியே, ஆயினும் பிந்தியது எது என்பதைக் கடிகாரத்தைக் கொண்டே சேவையகம் தீர்மானிக்கிறது. தில்லியில் ஒரு நிலையமும் ஷில்லாங்கில் ஒரு நிலையமும் இருப்பதாகவும், ஷில்லாங் சேவையகத்தின் கடிகாரம் 15 நிமிடம் முந்தி ஓடுவதாகவும் கொள்வோம். உண்மை நேரம் 9.50-க்கு ஷில்லாங் நிர்வாகி யு.எஸ்.பி. நினைவுக்கோல்களை அனுமதித்துக் கொள்கையைத் திருத்துகிறார், அது 10.05 என்று பதிவாகிறது. 10 மணிக்குத் தில்லியில், நினைவுக்கோல் வழியே வைரஸ் பரவுவதை அறிந்த தலைமை நிர்வாகி அவற்றைத் தடை செய்கிறார், அது 10.00 என்று பதிவாகிறது. இரவில் பிரதியாக்கம் நடைபெறும்போது 10.05-இன் உத்தரவே பிந்தியதாகக் கொள்ளப்படும். தடை நீங்கி, அனுமதி இரு நிலையங்களிலும் நிலைபெறும். மறுநாட் காலையில் தில்லியிலுள்ளவர்கள் தாம் இட்ட தடை எங்குச் சென்றது என்று தேடுவர். பிழைச் செய்தி எதுவும் இராது, ஏனெனில் சேவையகத்தின் கணக்கில் பிழையேதும் நிகழவில்லை.

ஒரு கொள்கை முழுவதும் ஒரே பொருளாகச் சேமிக்கப்படுவதால் மற்றொரு விளைவும் உண்டு. ஒருவர் கொள்கையின் மூன்றாம் விதியையும் மற்றவர் ஏழாம் விதியையும் திருத்தியிருந்தாலுங்கூட, இரண்டையும் இணைத்துத் தொகுக்கும் அறிவு சேவையகத்திற்கு இல்லை. பிந்தியவரின் கொள்கை முழுமையாக ஏற்கப்பட, முந்தியவரின் திருத்தம் மறைந்துபோகும். எந்தக் கொள்கையை எந்த நிலையத்திலிருந்து திருத்துவது என்று அலுவலக உத்தரவின் வாயிலாக முன்னரே வகுத்துக்கொள்ளுதல் இதற்கு ஏற்ற பரிகாரம்.

கடிகாரங்களைப் பொறுத்தவரை, இந்தியாவில் இது விருப்பத்திற்கு விடப்பட்ட விஷயமன்று. கணிப்பொறி அவசர நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பித்த கட்டளைகளில், அரசாங்க அமைப்புகளும் நிறுவனங்களும் தம் கணிப்பொறிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரச் சேவையகங்களோடு, அன்றி அவற்றைத் தொடர்ந்து நிற்கும் சேவையகங்களோடு, பொருத்தி வைக்க வேண்டும் என்று விதித்தது. இந்திய நேரத்தைப் பேணுவது அவ்வாய்வுக்கூடமே. மேற்சொன்ன ஷில்லாங் நிலையம் இக்கட்டளையைப் பின்பற்றியிருப்பின் தில்லியின் தடை அழிந்திராது.

தரவுத்தள வேறுபாடு நேரத்தில் தலையிடும் விதம் ஒன்றும் உண்டு. எஸ்.க்யூ.எல். சர்வரின் பழைய நேர வகை ஒரு விநாடியை 300 பகுதிகளாகவே பகுத்துக்கொள்ளும். ஆதலின் மில்லி விநாடியின் கடைசி இலக்கம் 0, 3, 7 என்பவற்றுள் ஒன்றாகவே அமையும். வேறொரு தரவுத்தளம் .005 என்று பதிந்த நேரம் இங்கு .007 ஆகிவிடும். பிந்தியது வெல்லும் என்னும் விதியின் கீழ் ஐந்நூற்றிலொரு பங்கு விநாடியும் வெற்றி தோல்வியைத் தீர்க்கவல்லது. அதனினும் கொடிது, மாறாத வரி மாறியதாகத் தோன்றி நிலையங்களிடையே ஓயாது சென்று வருதல். எண்ட்பாயிண்ட் புரொடெக்ஷன் மானேஜரை ஆக்கியோர் இச்சிக்கலை அணுகிய முறை பாராட்டத்தக்கது. அவர்கள் தரவுத்தளத்தின் நேர வகையைப் பயன்படுத்தவே இல்லை. 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவு முதல் கழிந்த மில்லி விநாடிகளின் எண்ணிக்கையை முழு எண்ணாக எழுதிவைத்தனர். முழு எண் எல்லாத் தரவுத்தளங்களிலும் ஒன்றே. நாட்டுக்கு நாடு வேறுபடும் நேரமும் இதனால் குறுக்கிடாது.

நீக்கியதை நீக்கியதாகவே வைத்தல்

ஓய்வு பெற்ற நிர்வாகி ஒருவருடைய கணக்கைத் தில்லியில் நீக்குகின்றனர். வரியை அட்டவணையினின்று அடியோடு அகற்றிவிட்டால் என்ன நேரும்? ஷில்லாங்கில் அந்த வரி இன்னும் இருக்கிறது. பிரதியாக்கத்தின்போது இரு தரப்பையும் ஒப்பிடும் யந்திரத்திற்கு, தில்லியில் இல்லாத வரி ஒன்று ஷில்லாங்கில் இருப்பதாக மட்டுமே தெரியும். அது புதிதாகச் சேர்க்கப்பட்டதா, பழையது நீக்கப்பட்டதா என்று பகுத்தறிய வழியில்லை. புதிது என்று கொண்டு தில்லிக்கு அனுப்பிவைக்கும். நீக்கப்பட்ட கணக்கு உயிர் பெற்று எழும். பழைய கடவுச்சொல்லை அறிந்த எவரும் உட்புகலாம். சாதாரணத் தரவுத்தளத்தில் இத்தகைய மீட்சி ஒரு தொல்லை. பாதுகாப்புச் சேவையகத்திலோ அது பெருந்தீங்கு.

நீக்கக் குறி இதன் பொருட்டே ஏற்பட்டது. வரி அகற்றப்படுவதில்லை, அதன்மேல் 1 என்னும் குறி இடப்படுகிறது. அக்குறியும் ஒரு மாற்றமாதலால் வரிசை எண் பெற்று மறுநிலையத்தை அடைந்து, அங்கும் வரியைச் செயலிழக்கச் செய்கிறது. இவ்வாறு நிற்கும் வரியை ஆங்கில மரபில் கல்லறைக்கல் என்று அழைப்பர். இறந்தார் இன்னார் என்பதை வழிச்செல்வோர்க்கு அறிவித்து நிற்கும் நடுகல்லைத் தமிழ்நாட்டார் அறிவர். அப்பெயரே இதற்கு இன்னும் பொருந்தும்.

நடுகற்களை என்றென்றும் வைத்திருந்தால் அட்டவணை வீணே பெருக்கும்; ஆகவே ஒரு காலவரையறைக்குப்பின் அவை உண்மையாகவே அகற்றப்படும். அக்காலத்திற்குள் எல்லா நிலையங்களும் செய்தியைப் பெற்றிருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி என்னும் பயனர் பதிவகம் இதே முறையைக் கையாள்வது. அதில் இவ்வரையறை தொடக்கத்தில் 60 நாட்களாக இருந்தது. 2005-இல் வெளிவந்த விண்டோஸ் சர்வர் 2003 முதல் சேவைத் தொகுப்பின் பின்னர், புதிதாக அமைக்கப்படுவனவற்றிற்கு 180 நாட்களாக உயர்த்தப்பட்டது. அதனினும் நீண்ட காலம் தொடர்பற்றிருந்த சேவையகத்தை மீண்டும் இணைத்தால், செத்துப்போன கணக்குகள் யாவும் அதனிடமிருந்து திரும்பி வரக்கூடும். பல மாதங்கள் அணைத்து வைக்கப்பட்டிருந்த கிளை நிலையத்தை அப்படியே இயக்கிவிடாது, முற்றாக நீக்கிவிட்டுப் புதிதாக அமைப்பதே பாதுகாப்பானது.

பெயர்களும் எழுத்துக்களும்

இரு நிர்வாகிகள் தனித்தனியே ‘விற்பனை’ என்னும் ஒரே பெயரில் குழுக்களை ஏற்படுத்திவிட்டால், அவற்றின் நிலையான எண்கள் வெவ்வேறாதலின் சேவையகம் இரண்டையும் வைத்துக்கொண்டு, பிந்தியதன் பெயரோடு அலைக்குறி ஒன்றையும் 1 என்னும் எண்ணையும் சேர்த்துவிடும். அத்தகைய பெயர்கள் திரையில் தோன்றினால், முன்னேற்பாடின்றி இருவர் ஒரே வேலையைச் செய்திருக்கின்றனர் என்று அறிந்துகொள்ளலாம்.

பெயரின் எழுத்துக்களைத் தரவுத்தளங்கள் ஒப்பிடும் முறையும் ஒன்றல்ல. ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் எஸ்.க்யூ.எல். சர்வர் அதன் இயல்பான அமைப்பில் ஒன்றாகவே கருதும்; போஸ்ட்கிரெஸ் வேறாகக் கருதும். ஆரக்கிள் தரவுத்தளம் வெற்றுச் சொல்லை மதிப்பே இல்லாததாகக் கொள்ளும். மற்றவை அப்படிக் கொள்வதில்லை. ஓரிடத்தில் ஏற்கப்பட்ட வரி மற்றோரிடத்தில் மறுக்கப்பட்டு, அந்த ஒரு வரியின் பொருட்டுப் பிரதியாக்கம் முழுவதும் நின்றுபோவதுண்டு.

தமிழ் முதலிய இந்திய மொழிகளில் பெயரிடுவோர் மற்றொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வரில் யூனிகோடு அல்லாத பழைய எழுத்து வகைப் பத்தியில் தமிழை எழுதினால் எழுத்துக்கள் மறைந்து கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவ்வகைப் பத்திக்கு யு.டி.எஃப்-8 முறை துணையாக வந்தது. யூனிகோடிலுங்கூடக் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரு பகுதிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தெழுத்தாக ஒப்பிடும் தரவுத்தளத்திற்கு அவை இரண்டு பெயர்கள்.

எதை அனுப்புவது, எதை விடுவது

கொள்கைகளும் குழுக்களும் நிர்வாகிகளின் கணக்குகளும் எப்போதும் இருதிசையிலும் செல்லும். நிகழ்ச்சிப் பதிவுகள், நிறுவல் தொகுப்புகள், வைரஸ் அடையாளங்களின் புதுப்பிப்பு ஆகியவற்றை அனுப்புவதும் விடுப்பதும் நிர்வாகியின் விருப்பம். இங்கேதான் வேறுபட்ட தரவுத்தளங்களின் அளவு வேறுபாடு உணரப்படும். எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ், 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, ஒரு தரவுத்தளத்திற்கு 10 கிகாபைட் இடமே தருவது. தலைமையகத்தின் பதிவுகள் யாவற்றையும் கிளைக்கு அனுப்பினால் அச்சிறிய பாத்திரம் சில வாரங்களில் நிரம்பி வழியும். நிரம்பியபின் புதிய உத்தரவை எழுதவும் இடமிராது. வலையமைப்பின் நெருக்கடியும் இத்துடன் சேர்ந்துகொள்ளும். விநாடிக்கு 2 மெகாபிட் செல்லும் இணைப்பில் 900 மெகாபைட் பதிவுகளை அனுப்ப, வேறெந்தப் போக்குவரத்தும் இல்லாதபோதே ஒரு மணி நேரம் ஆகும்.

ஆகையால், கிளையின் பதிவுகளைத் தலைமையகத்திற்கு மட்டும் ஒருதிசையில் அனுப்பி, எதிர்த்திசையை அடைத்துவிடுதல் சிறந்த ஏற்பாடு. செர்ட்-இன் கட்டளைகள் பதிவுகளை 180 நாட்கள் பேணுமாறு பணிக்கின்றன. பெரிய தரவுத்தளம் உள்ள இடத்தில் அவை திரளுவது அதற்கும் உதவும். வைரஸ் அடையாளங்களைக் கிளை நிலையம் தானே இணையத்தின் வழிப் பெற்றுக்கொள்ளலாமாதலால், அவற்றைப் பிரதியாக்கத்தில் சேர்க்க வேண்டுவதில்லை. நிலையங்களின் எண்ணிக்கை ஐந்துக்கு மேற்படாமை நன்று என்பது ஆக்கியோரின் பரிந்துரை.

பிரதியாக்கத்தைக் காப்பு நகலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் பலர். இரண்டாவது நிலையம் இருக்கையில் தனியே நகல் எதற்கு என்று அவர்கள் கேட்பர். தவறுதலாக ஒரு குழுவை நீக்கிவிட்டால் அந்நீக்கமும் உண்மையாகவே மறுநிலையத்தைச் சென்றடையும். காலையில் இரண்டு நிலையங்களிலும் அக்குழு இராது. நிர்வாகியின் கணக்கைக் கைப்பற்றிய பகைவன் பிறப்பிக்கும் உத்தரவையும் பிரதியாக்கம் அதே விசுவாசத்தோடு எடுத்துச் செல்லும். ஒவ்வொரு நிலையத்தின் தரவுத்தளத்திற்கும் தனித்தனியே காப்பு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்தல் அவசியம். ஒருவகைத் தரவுத்தளத்தின் காப்பு நகலை மற்றவகையில் மீட்க முடியாது என்பதும் நினைவிற்குரியது. சேவையகத்தின் சான்றிதழும் மறைகுறிச் சாவியும் அடங்கிய மீட்புக் கோப்பையும் அத்துடன் சேர்த்து வைக்க வேண்டும். அஃதின்றி மீட்கப்பட்ட சேவையகத்தைக் கணிப்பொறிகள் தம் தலைவனாக ஏற்க மறுக்கும்.

மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்துங்காலத்து நிலையங்களிடையே உள்ள கூட்டுறவைத் தற்காலிகமாகத் துண்டித்துவிட வேண்டும். புதிய பதிப்பு அட்டவணைகளில் பத்திகளைச் சேர்த்திருக்கலாம். பழைய பதிப்பில் நிற்கும் நிலையம் அவற்றை அறியாது. முதலில் கூட்டுறவை நீக்கி, தரவுத்தளங்களுக்குக் காப்பு நகல் எடுத்து, ஒரு நிலையத்தை உயர்த்தி அது செவ்வனே இயங்குவதைக் கண்டபின் மற்றதை உயர்த்தி, இரண்டும் ஒரே பதிப்பை அடைந்த பின்னரே கூட்டுறவை மீண்டும் ஏற்படுத்துதல் முறை. மீண்டும் இணைத்த அன்று பிரதியாக்கத்தை உடனே ஒருமுறை நிகழச் செய்து, தில்லியில் ஒரு சோதனைக் குழுவை உண்டாக்கி அது ஷில்லாங்கில் தோன்றுகிறதா என்று பார்ப்பர். பிறகு அதை ஷில்லாங்கில் நீக்கி, தில்லியிலிருந்தும் அது மறைகிறதா என்று பார்ப்பர். முதற் சோதனையோடு நின்றுவிடுவோரே மிகுதி; நீக்கத்தைச் சோதிக்கும் இரண்டாவது, இன்னும் சில நிமிடங்களே கொள்ளும்.